கையைத் தூக்க மறந்தவள்

நாலு தோட்டா போனது. ஐந்தாவதுக்கு விசையை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். 25 மீட்டர் ஸ்டாண்டர்ட் பிஸ்டல் போட்டியில் 10 நொடிக்குள் ஐந்தும் சுட வேண்டிய சுற்று அது. பதற்றத்தில் கை தானாக ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை, இழுத்துவிட்டது. அங்கேதான் தப்பு. பழுதானால் குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு மற்றக் கையைத் தூக்கி நிற்க வேண்டும். அதிகாரி வந்து பார்க்கும் முன் தொட்டுவிட்டால் அந்தப் பழுது செல்லாது. சுடாத தோட்டாவுக்குப் பூஜ்யம்.

இரண்டு வருடம் சேமித்து வாங்கிய பாயின்ட் டூ டூ (.22 அங்குலத் தோட்டா) பிஸ்டல் அது. எந்தக் கம்பெனி என்று கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள், சொல்லமாட்டேன்.

கல்லூரியில் என்சிசியில் சுட்டதும் இதே பாயின்ட் டூ டூதான். குப்புறப் படுத்து, போல்ட்டை இழுத்து ஒவ்வொன்றாக ஏற்றிச் சுடும் கிழட்டு ரைஃபிள். கட்டையில் யார் யாரோ பெயர் கீறியிருப்பார்கள். நான் சுட்டவரை ஒருநாளும் சிக்கியதில்லை. அதில் சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக் கூட்டை வெளியே தள்ளுவது என் கை. பிஸ்டலில் அந்த வேலையை வெடியின் பின்னுதைப்பே செய்தாக வேண்டும். பாயின்ட் டூ டூவுக்கு அந்தத் தெம்பு ரொம்பக் கொஞ்சம். 2.6 கிராம் ஈயக் குண்டு, அதுவும் போட்டிக்கான மேட்ச் தோட்டா என்றால் நொடிக்கு 325 மீட்டர் போல, ஒலியைவிட மெதுவாகப் போகும். ஸ்பிரிங் கொஞ்சம் முறுக்காக இருந்தாலே ஸ்லைடு பாதி வழியில் திரும்பி வந்து, வெளியேறப்போன கூட்டைக் கவ்விக்கொண்டு நிற்கும்.

'டிக்' வேறு கதை. பெரிய தோட்டாக்களின் அடியில் நடுவே பற்றவைக்கத் தனியாக ஒரு பிரைமர் இருக்கும். இதில் கிடையாது. பற்றவைக்கும் மருந்தை ஈரமாக உள்ளே இட்டு, தோட்டாவைச் சுழற்றி, அடிவிளிம்பின் மடிப்புக்குள் பரவ விடுகிறார்கள். எங்காவது ஓரிடத்தில் பரவாமல் விட்டுப்போய், தோட்டாவை அடிக்கும் ஃபயரிங் பின்னும் சரியாக அங்கேயே அடித்தால் வெடிக்காது. அதையே கொஞ்சம் திருப்பிப் போட்டு அடித்தால் பெரும்பாலும் வெடித்துவிடும். (உடனே வெளியே எடுத்துவிடாதீர்கள். தாமதித்து வெடிப்பதும் உண்டு. குறைந்தது 30 நொடி குழல் இலக்கையே பார்த்திருக்கட்டும்.) போதாததற்கு அந்த நீட்டிய விளிம்பு, தோட்டாக்களை அடுக்கும் மேகசினுக்குள் கீழே இருக்கும் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்.

சரி, 1887-லிருந்து இருக்கும் தோட்டா, அதன் குணம் அப்படி என்று விட்டுவிடலாமா? நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் என் பக்கத்து லேனில் ஒருவர் இருபது வருடப் பழைய பிஸ்டலில், என் டப்பாவிலிருந்தே தோட்டா எடுத்துச் சுட்டார். ஐம்பதும் போனது. கிளப் சீனியர்கள் முதலில் என் மணிக்கட்டைக் குறை சொன்னார்கள், அப்புறம் நான் துடைப்பதில்லை என்றார்கள். இரண்டாவதில் கொஞ்சம் உண்மை உண்டு. இந்தத் தோட்டாவின் மெழுகும் ஈயமும் கரியும் சேர்ந்து, பிஸ்டலில் தோட்டா உட்காரும் அறைக்குள் களிம்பு மாதிரி படியும். துடைத்தேன். ஒவ்வொரு பயிற்சிக்கு அப்புறமும் துடைத்தேன். சிக்கல் குறைந்தது, போகவில்லை.

விற்றவர் சொன்ன பதில்தான் இன்னும் எரிகிறது. "500 ரவுண்ட் சுடுங்க மேடம், பழகிடும்." வாங்கும் ஒவ்வொரு தோட்டாவும் லைசென்ஸில் ஏறும் நாட்டில், இறக்குமதித் தோட்டாவை எண்ணி எண்ணி வாங்கும் ஒருத்தியிடம் சொல்கிற பேச்சா இது? தொழிற்சாலையில் முடிக்க வேண்டிய சோதனையை என் பர்ஸில் முடிக்கச் சொல்கிறார்.

அடுத்த மாதப் போட்டிக்குக் கிளப்பின் பழைய பிஸ்டலைக் கேட்டிருக்கிறேன். என்னுடையது இதுவரை 312 தோட்டா தின்றிருக்கிறது. அதில் 27 தடவை சிக்கியது என்று டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். அவர் சொன்ன 500-இல் மீதி 188 தோட்டாவை யார் காசில் சுடுவது என்று விற்றவருக்கு வாட்ஸாப்பில் கேட்டேன். நீல டிக் விழுந்து மூன்று வாரமாகிறது.