ஓகே பிறந்த கதை

ஞாயிற்றுக்கிழமை பேச்சுப்போட்டி மேடையில் ஒரு சிறுவன், ‘ஓகே’ என்பது ‘ஜீரோ கில்ட்’டின் சுருக்கம் என்று பேசினான்; அது தவறென்று எழுந்து சொன்ன என்னை உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஆகவே மீண்டும் சொல்கிறேன்: ‘ஓகே’ என்ற சொல் ‘ஜீரோ கில்ட்’ (0 Killed, அதாவது ‘யாரும் சாகவில்லை’) என்பதிலிருந்து வரவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒருவரும் சாகாத நாளில் பாசறைப் பலகையில் அப்படி எழுதினார்கள் என்பது உருக்கமான கதைதான். ஆனால் அந்தப் போர் தொடங்கியது 1861இல். அதற்கு 22 ஆண்டுகள் முன்பே, 1839 மார்ச் 23 அன்று, ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழில் இச்சொல் அச்சாகிவிட்டது.

வேண்டுமென்றே எழுத்துப்பிழை செய்து, பிறகு அதைச் சுருக்கி விளையாடுவது அன்றைய பாஸ்டன் பத்திரிகைக்காரர்களின் வழக்கம். ‘ஆல் கரெக்ட்’ என்பதை ‘ஓல் கொரெக்ட்’ (oll korrect) என்றாக்கி முதலெழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதே விளையாட்டில் ‘ஆல் ரைட்’டுக்குப் பிறந்த ‘ஓ.டபிள்யூ.’ (oll wright) மறைந்துபோயிற்று. ஓகே நிலைத்ததற்கு 1840 அமெரிக்க அதிபர் தேர்தல் பெருந்துணை: கிண்டர்ஹுக் என்ற ஊரில் பிறந்த அதிபர் மார்ட்டின் வான் பியூரனை ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’ என்றழைத்த ஆதரவாளர்கள் ஓ.கே. மன்றங்களை அமைத்தார்கள். அவர் தோற்றுப்போனார், ஆனாலும் அதற்குள் சொல் ஊரெங்கும் பரவியிருந்தது. பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் பழைய நாளிதழ்களைத் தேடிப் படித்து, 1963–64இல் வெளியிட்ட கட்டுரைகளில் இதை நிறுவினார்.

ஓகே, சாக்டோ என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. அதிபர் உட்ரோ வில்சனே அதை நம்பினார், நம்பிக்கை சான்றாகாது.

‘சிறுவனின் பரிசைப் பறிக்கப் பார்த்தீர்களே’ என்கிறார்கள். இல்லை. பரிசைக் கொடுங்கள், சரியானதையும் சொல்லிக் கொடுங்கள் என்றுதான் கேட்டேன். ‘ஒரு கதைதானே, உட்காருங்கள் சார்’ என்று ஒலிவாங்கியிலேயே சொன்னார்கள். கூட்டம் சிரித்தது.

ஒன்பதாம் வகுப்பில் கேட்ட இதே கதையை நானும் பல ஆண்டுகள் நம்பி, என் மகளுக்கும் சொன்னேன். அவள் அதை வகுப்பில் எழுந்து சொல்ல, வேறொரு மாணவி திருத்தியிருக்கிறாள். அன்று மாலை வீட்டுக்கு வந்து, “நீங்க சரிபார்த்துட்டுத்தானேப்பா சொன்னீங்க?” என்று கேட்டாள். நான் சரிபார்த்திருக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் ரீடின் கட்டுரைகளைத் தேடினேன்.

‘கட்டமரான்’ என்ற ஆங்கிலச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது. ஆங்கில அகராதிகளே அப்படித்தான் குறிக்கின்றன. அதை அந்தச் சிறுவன் நாளை வேறொரு மேடையில் சொல்லும்போது, இதுவும் ஜீரோ கில்ட் போன்றதுதானே என்று யாராவது சிரித்தால், அவனுக்காக எழுந்து பதில் சொல்லப்போவது என்னை உட்காரச் சொன்னவர்களா?