அமைச்சர் நழுவ முடியாத கேள்வி

திருவனந்தபுரத்தில் கேரள சட்டசபை கூடினால் நம்ம மூணாறு மலையில் ஒரு போட்டோ சுற்ற ஆரம்பித்துவிடும். எம்.எல்.ஏ. எழுந்து நிற்பார், கையில் பேப்பர், கீழே பெரிய எழுத்தில் 'தோட்டத் தொழிலாளர்களுக்காகச் சபையில் முழங்கினார்'. லைக் குவியும். அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பது மட்டும் அந்தப் பதிவில் இருக்காது. கமெண்டிலும் யாரும் கேட்பதில்லை.

எனக்கு அந்தப் பதில்களைப் படிக்கும் பழக்கம் உண்டு. சபையின் இணையதளத்தில் கிடக்கின்றன, மலையாளத்தில். எந்தக் கட்சி ஆண்டாலும் அடிக்கடி கண்ணில் படுவது மூன்று பதில்கள்தான்: பரிசீலனையில் உள்ளது, நிதி நிலைமைக்கு ஏற்ப முடிவெடுக்கப்படும், விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது. இந்த மூன்றாவது இருக்கிறதே, அது பெரிய கெட்டிக்காரத்தனம். சபை கலைந்து எல்லோரும் மறந்த பிறகும் விவரம் சேகரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.

இதில் அமைச்சர்களை மட்டும் திட்டி என்ன பிரயோசனம்? பாதித் தவறு கேள்வியிலேயே இருக்கிறது. 'மூணாறு பகுதியில் மருத்துவ வசதியை மேம்படுத்த அரசு நடவடிக்கை எடுக்குமா?' என்று கேட்டால் 'எடுக்கும்' என்று சொல்லிவிட்டு உட்காரலாம். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: தேவிகுளம் தாலூகாவின் அரசு ஆஸ்பத்திரிகளில் அனுமதிக்கப்பட்ட டாக்டர் பணியிடங்கள் எத்தனை, இன்றைய தேதிக்கு நிரம்பியவை எத்தனை, கடந்த 3 நிதியாண்டுகளில் ஒதுக்கிய தொகை எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு? இதற்குத் தொகையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அந்த மௌனமே செய்தி.

ஒதுக்கியது, வந்தது, செலவானது. இந்த மூன்றும் ஒன்றே என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பட்ஜெட்டில் ஒரு கோடி என்று பேப்பரில் வந்தால் ஒரு கோடி மலையேறி வந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. வேலை முடிந்த பிறகும் பில் ட்ரஷரியில் வரிசையில் நிற்கும். மார்ச் முடிந்துவிட்டால் அது அடுத்த வருடத்துக் கணக்கில் ஏறும். அடுத்த வருடப் பணத்தில் பழைய பில்லைக் கொடுத்துவிட்டு, புது வேலைக்குக் கையைப் பிசைந்துகொண்டு பஞ்சாயத்து உட்கார்ந்திருக்கும்.

இடுக்கி பேக்கேஜை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரியில், தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால், 12,000 கோடி ரூபாய் என்று முதலமைச்சர் அறிவித்தார். இடுக்கி மாவட்ட வளர்ச்சிக்கான 5 வருடத் திட்டம் அது. இவ்வளவு பெரிய தொகைக்கு வருடா வருடம் ஒரே ஒரு கேள்வி போதும்: இதில் புதுப் பணம் எவ்வளவு, ஏற்கெனவே துறைகளில் இருந்த பணத்துக்குப் புதுப் பெயர் வைத்தது எவ்வளவு? பஞ்சாயத்து வாரியாகச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். வட்டவடைக்கு எவ்வளவு, மறையூருக்கு எவ்வளவு, இடமலைக்குடிக்கு எவ்வளவு? மாவட்டத்துக்கு மொத்தமாகச் சொன்னால் அதற்குள் எதையும் ஒளிக்கலாம்.

இடமலைக்குடி கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து, 2010-இல் உருவானது. முதுவான் மக்கள் காட்டுக்குள் குடி குடியாகச் சிதறி வாழ்கிறார்கள். நோயாளியைக் கம்பில் துணி கட்டித் தூக்கிக்கொண்டு காட்டு வழியில் நடந்த செய்திகளை எத்தனை முறை படித்துவிட்டோம். அங்கே தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் ஒரு கல்வெர்ட்டுக்குக்கூடப் பணம் தேறாது. டெல்லியிடம் கேரளம் சொல்லும் குறையும் இதே மாதிரிதான். மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரிப்பது நிதிக்குழு; அதில் கேரளத்துக்கு 10-ஆவது நிதிக்குழு கொடுத்தது 3.875 சதவீதம், 15-ஆவது கொடுத்தது 1.925 சதவீதம். அநியாயம் என்று திருவனந்தபுரம் குரல் எழுப்புகிறது, நியாயமான குரல்தான். வெறும் தலையை எண்ணாதே, எங்கள் நிலைமையைப் பார் என்று டெல்லியிடம் கேட்கிறவர்களிடம் அதையே மலைப் பஞ்சாயத்துகளுக்காக நம்ம எம்.எல்.ஏ. கேட்டால் என்ன பதில் வரும்? எனக்குக் கேட்க ஆசை.

தோட்டத்துக்குள் சிக்கல் வேறு மாதிரி. 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தபோதே வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு என்று ஆகிவிட்டது. நிலமும் கம்பெனி கையில். 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கி, திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று முடிவெடுத்த மாநிலம் இது. ஆனால் லயத்துக் கூரை, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் கம்பெனி வரிசை வீட்டின் கூரை, ஒழுகினால் அந்தப் பணத்தைத் தொட முடியாது, அது பஞ்சாயத்துச் சொத்து இல்லையே. அரசு கம்பெனியைக் காட்டும், கம்பெனி தேயிலை விலையைக் காட்டும். லயங்களைப் புதுப்பிக்கப் பட்ஜெட்டிலேயே பணம் ஒதுக்கிய பிறகும் இந்த முடிச்சு அவிழவில்லை. ரிடையர் ஆனால் அந்த ஒழுகுகிற வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்பது தனிக் கதை.

இங்கே கேட்க வேண்டியது லயம் எப்போது சரியாகும் என்பது அல்ல. தோட்ட இன்ஸ்பெக்டர்கள் கடந்த வருடம் எத்தனை எஸ்டேட்டில் நேரில் பார்த்தார்கள், எத்தனை நோட்டீஸ் கொடுத்தார்கள், எத்தனை வழக்குப் போட்டார்கள்? ஒன்றும் இல்லை என்று பதில் வந்தால் அதையும் சபைக் குறிப்பில் ஏற்றட்டும்.

இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பெரியவாரைப் பாலம். மூணாறிலிருந்து மறையூர் போகிற வழி. 2018 வெள்ளத்தில் பாலம் போனது. தற்காலிகமாக ஒன்று போட்டார்கள். புதுப் பாலம் கட்டி முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, நயமக்காடு எஸ்டேட் பெட்டிமுடி டிவிஷனில் மலை சரிந்து லயங்கள் மேல் விழுந்தது. 70 உயிர். 4 பேரின் உடல் கடைசி வரை கிடைக்கவே இல்லை. கரண்ட் இல்லை, போன் சிக்னல் இல்லை, விஷயம் வெளியே தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது. தெரிந்த பிறகும் பெரியவாரையில் தற்காலிகப் பாலம் பழுதாகி வண்டிகள் திணறின. 2018-க்கும் 2020-க்கும் நடுவே ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அந்தப் பாலத்தின் பில் எந்த மேசையில் இருக்கிறது என்று யாராவது விடாமல் கேட்டிருந்தால் மலை சரியாமல் இருந்திருக்காது. ஆனால் ஆம்புலன்ஸ் போயிருக்கும்.

மறுநாள் கரிப்பூரில் விமான விபத்து. அங்கே இறந்தவர்களின் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது, பெட்டிமுடிக்கு 5 லட்சம். விமானத்தில் வந்தவர்களுக்குக் கொடுத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர்களும் பிழைக்கப் போன இடத்திலிருந்து வந்தவர்கள்தான். இரண்டு தொகைக்கும் எந்த விதிப்படி வித்தியாசம் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

2021 மே மாதம் தேவிகுளம் எம்.எல்.ஏ. ராஜா தமிழில் பதவியேற்ற வீடியோவை நம்மில் பகிராதவர் குறைவு. வாசகத்தில் குறை என்று ஜூனில் மறுபடி பதவியேற்க வைத்தார்கள், இடையில் சபையில் உட்கார்ந்ததற்கு 2,500 ரூபாய் அபராதம். அதற்கும் கோபப்பட்டோம். சரி, மொழி விஷயத்தில் சூடு வருவது இயற்கை. 1956-இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்தச் சூட்டில் கால்வாசியாவது அதே எம்.எல்.ஏ. எழுத்தில் கொடுத்த கேள்விகளின் மேல் இருந்ததா?

ஒரு கட்சித் தோழரிடம் இதைச் சொன்னேன். 'அண்ணே, ஆளுங்கட்சிக்காரர் சொந்த அமைச்சரையே எப்படி நெருக்குவார்?' என்றார். நெருக்கவே வேண்டாம். நட்சத்திரக் குறியிடாத கேள்விக்கு எழுத்தில்தான் பதில், டிவியில் வராது, யாருக்கும் முகம் சுளிக்காது. அமைச்சர் சபையில் 'செய்து தருகிறோம்' என்று வாக்குக் கொடுத்தால் அதைத் துரத்த உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. துறைவாரியாகப் பட்ஜெட்டைப் புரட்டிப் பார்க்கப் பொருள்வாரிக் குழுக்கள் இருக்கின்றன, 1980-இலேயே நாட்டுக்கு முன்னோடியாக அதைத் தொடங்கியது இந்தக் கேரள சபைதான். இத்தனை வாசல் இருக்கும்போது போட்டோவுக்கு முழங்குவது மட்டும் போதாது.

நம்ம பக்கத்து வேலையும் கொஞ்சம் உண்டு. 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி இங்குள்ள தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் தர வேண்டும். மலையாளம் எழுத வராது என்று மெம்பர் பின்னால் அலைகிறவர்கள் இதைப் பயன்படுத்தலாம். எம்.எல்.ஏ. ஆபீஸுக்கும் தமிழிலேயே எழுதுங்கள். 'ரோடு சரியில்லை' என்று எழுதாதீர்கள், அது அவருக்கே தெரியும். எந்த டிவிஷன், எந்த வருடத்து வேலை, வேலை நடந்த இடத்துப் போர்டில் எழுதிய தொகை எவ்வளவு என்று எழுதினால் அவர் உதவியாளர் அதை அப்படியே கேள்வியாக்கிவிடலாம்.

அடுத்த கூட்டத்தொடருக்கு நான் அனுப்பப் போவது இடுக்கி மெடிக்கல் காலேஜ் பற்றி. 2014-இல் தொடங்கி, அங்கீகாரம் போய், 2022-இல் 100 சீட்டுடன் மறுபடி வந்த காலேஜ் அது. அங்கே எந்தெந்தப் பிரிவுக்கு இரவில் ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் பணியில் இருக்கிறார், மூணாறிலிருந்து ராத்திரி ஒரு நெஞ்சுவலிக்காரரைப் போடிமெட்டு இறக்கித் தேனிக்குக் கொண்டு போகாமல் இந்தக் காலேஜ் இருக்கிற செருதோணிக்குக் கொண்டு போனால் பார்க்க ஆள் உண்டா? வேறு கேள்வி வைத்திருப்பவர்கள் கமெண்டில் போடுங்கள். தொகையும் வருடமும் சேர்த்துப் போடுங்கள்.