கேன்டர்பரியில் விட்டுக்கொடுத்தவர்கள் யார்?

2025 அக்டோபர் 3 அன்று, லண்டன் பேராயராக (பிஷப்பாக) இருந்த சாரா முல்லாலி கேன்டர்பரியின் அடுத்த தலைமைப் பேராயராக (ஆர்ச்பிஷப்பாக) அறிவிக்கப்பட்டார்; இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தலைமை வகிப்பதோடு, அதிலிருந்து உலகெங்கும் கிளைத்த ஆங்கிலிக்கன் திருச்சபைகளின் ஐக்கியத்திலும் முதன்மை இடம் பெறும் பொறுப்பு அது. அந்தப் பொறுப்புக்கு வரும் முதல் பெண் அவர். இரண்டு வாரம் நிறைவதற்குள், கேஃப்கான் என்ற பழமைவாத ஆங்கிலிக்கன் கூட்டமைப்பின் தலைவரும் ருவாண்டா திருச்சபையின் தலைவருமான லாரன்ட் ம்பாண்டா ஓர் அறிக்கை வெளியிட்டார். கேன்டர்பரியை மையமாகக் கொண்ட எந்த அமைப்பையும் இனி ஏற்பதில்லை என்றும், உண்மையான ஆங்கிலிக்கன் ஐக்கியம் இனி தாங்களே என்றும் அது சொன்னது. பெண் ஒருவர் தலைமைக்கு வந்ததுதான் காரணம் என்று பலர் எழுதினார்கள். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் வேர் தன்பாலின உறவுகள் குறித்து கால் நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் சண்டையில் இருக்கிறது.

அதே வாரத்தில் நடந்த இன்னொன்று நம் பக்கத்தில் யார் கண்ணிலும் அதிகம் படவில்லை. தன்பாலின இணையருக்கென்று தனி ஆசீர்வாத ஆராதனை நடத்துவதாக இருந்தால் திருச்சபையின் சட்டமியற்றும் மன்றமான சினாடின் மூன்று அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், குருக்கள் தன்பாலினத் திருமணம் செய்துகொள்வதற்குச் சட்டத் திருத்தமே வேண்டும் என்று இங்கிலாந்துத் திருச்சபையின் பேராயர்கள் முடிவு செய்தார்கள். நடைமுறையில் இரண்டுமே கிடப்பில் போடப்பட்டன என்றுதான் இதற்குப் பொருள். 2023 பிப்ரவரியில் இதே பேராயர்கள் 36-க்கு 4 என்ற கணக்கில் இணையருக்கான ஜெபங்களை வரவேற்று வாக்களித்திருந்தார்கள். ஒற்றுமையைக் காப்பாற்றுவதற்காகப் பின்வாங்கினார்கள்; அந்த ஒற்றுமையோ அதே வாரத்தில் கைவிட்டுப் போயிற்று. என் ஆதங்கம் முழுவதும் இந்த ஒரு வாரத்தைப் பற்றியதுதான், ஏனென்றால் இது புதிதாக நடந்தது அல்ல.

உலகெங்குமுள்ள ஆங்கிலிக்கன் பேராயர்கள் ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை கூடுவது லாம்பெத் மாநாடு; 1998-இல் கூடிய அந்த மாநாட்டிலிருந்து பார்க்க வேண்டும். தன்பாலின உறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்று கூறும் தீர்மானம் அங்கே 526 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் 70 பேர், வாக்களிக்காமல் இருந்தவர்கள் 45 பேர். அதே தீர்மானத்தில், தன்பாலின ஈர்ப்புள்ளவர்களின் அனுபவங்களைச் செவிகொடுத்துக் கேட்க வேண்டும் என்றும், அவர்கள் மீதான அர்த்தமற்ற அச்சத்தைக் கண்டிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்த சமயத்தில், மண்டபத்துக்கு வெளியே நைஜீரியாவின் எனுகு பேராயர், தன்பாலின ஈர்ப்புள்ள கிறிஸ்தவர்களின் இயக்கத்தைச் சேர்ந்த ஆங்கிலேயர் ஒருவரின் தலைமேல் கைவைத்து, கேமராக்களுக்கு முன்னால் பிசாசு விரட்ட முயன்றார். செவிகொடுத்துக் கேட்கும் பணி எந்த லட்சணத்தில் தொடங்கியது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

2003-இல் இங்கிலாந்துத் திருச்சபைக் குரு ஜெஃப்ரி ஜான் ரெடிங் நகரின் பேராயராக நியமிக்கப்பட்டார். அவருக்கு நெடுங்காலத் துணைவர் ஒருவர் இருந்தார். ஆனாலும் தாம் பிரமச்சரியம் காப்பதாக அவர் வெளிப்படையாகவே அறிவித்திருந்தார். பேராயர்களே வகுத்திருந்த விதியை அவர் எள்ளளவும் மீறவில்லை. ஆனாலும் எதிர்ப்பு வலுத்தது; அப்போதைய தலைமைப் பேராயர் ரோவன் வில்லியம்ஸின் நெருக்குதலால் அந்த ஜூலையில் அவர் ஒதுங்கிக்கொண்டார். ரோவன் வில்லியம்ஸ் தன்பாலின உறவுகளைக் குறித்துப் பரிவோடு எழுதிய இறையியலாளர் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அதே ஆண்டு நவம்பரில், துணைவரோடு வெளிப்படையாக வாழ்ந்த ஜீன் ராபின்சன் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் திருமண்டலத்தின் (ஒரு பேராயரின் பொறுப்பில் உள்ள பகுதியின்) பேராயராக அபிஷேகம் பெற்றபோது, கொலை மிரட்டல் காரணமாகத் திருவுடைக்கு உள்ளே குண்டு துளைக்காத கவசம் அணிந்திருந்தார். 2008 லாம்பெத் மாநாட்டுக்கு அவருக்கு அழைப்பு இல்லை. அவரை ஒதுக்கினால் ஆப்பிரிக்கப் பேராயர்கள் வருவார்கள் என்ற கணக்கும் பொய்த்தது. இருநூறுக்கும் மேற்பட்ட பேராயர்கள் அந்த மாநாட்டைப் புறக்கணித்தார்கள், அதற்குச் சில வாரங்கள் முன்பு எருசலேமில் கேஃப்கான் பிறந்தும்விட்டது.

ஆங்கிலிக்கன் ஐக்கியத்துக்கு வத்திக்கான் போல ஒரு தலைமைப் பீடம் கிடையாது. 42 மாகாணத் திருச்சபைகள் தத்தம் சட்டப்படி நடக்கின்றன; லாம்பெத் தீர்மானம் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. 1867-இல் முதல் மாநாடு கூடியதே தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பேராயர் கொலென்சோவின் வேத விளக்கம் எழுப்பிய கலவரத்தால்தான். யார்க் தலைமைப் பேராயர் அதற்கு வரவே மறுத்துவிட்டார். ஆகவே பிரிந்து கிடப்பது இவர்களுக்குப் பழக்கமானதே. எல்லாரையும் ஓர் உடன்படிக்கையில் கட்டும் முயற்சியும் நடந்தது. 2012-இல் இங்கிலாந்தின் திருமண்டலங்களே பெரும்பான்மையாக அதை நிராகரித்தன.

2022 மாநாட்டில் பேராயர்கள் வாக்களிக்க மின்னணுக் கருவிகள் தரப்படுவதாக இருந்தது. பிறகு வாக்களிப்பே வேண்டாம் என்று கைவிடப்பட்டது. நைஜீரியா, உகாண்டா, ருவாண்டா திருச்சபைகள் வரவில்லை. வந்திருந்த பழமைவாதப் பேராயர்களில் சிலர் திருவிருந்தில் பங்குபெறவில்லை. அங்கே அப்போதைய தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி பேசியதை நான் மதிக்கிறேன். திருமணம் பற்றிய போதனையை மாற்றினால் பல நாடுகளில் திருச்சபை நிலைக்க முடியாது, மாற்றாவிட்டால் வேறு சில நாடுகளில் நிலைக்க முடியாது என்று இரு தரப்பையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டார். பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாக நடிக்காத பேச்சு அது. ஆனால் இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகு அதே நேர்மையோடு அவருடைய திருச்சபையால் நடந்துகொள்ள முடியவில்லை.

ஆப்பிரிக்கப் பேராயர்களை வேதப்பற்றுள்ளவர்கள் என்று மட்டும் வர்ணிப்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. உகாண்டாவில் 2023-இல் வந்த சட்டம் சில சூழல்களில் மரண தண்டனை வரை போகிறது. அந்நாட்டுத் தலைமைப் பேராயர் ஸ்டீபன் காசிம்பா, மரண தண்டனையைவிட ஆயுள் தண்டனையே போதும் என்று சொல்லிக்கொண்டே, சட்டத்தை நன்றியோடு வரவேற்றார். 1998 தீர்மானத்தின் ஒரு வரியைக் கொடியாகப் பிடித்தவர்கள், அர்த்தமற்ற அச்சத்தைக் கண்டிக்கும் வரியை எங்கே வைத்தார்கள்? தன்பாலின உறவு மேற்கின் இறக்குமதி என்று அவர்கள் சொல்வதும் வேடிக்கையாக இருக்கிறது. அதைக் குற்றமாக்கும் சட்டத்தை அந்நாட்டுக்குக் கொண்டுவந்தது பிரிட்டிஷ் ஆட்சி. 2018-இல் உச்ச நீதிமன்றம் தளர்த்தும் வரை நாமும் அதே பிரிட்டிஷ் சட்டத்தின் 377-ஆம் பிரிவில்தான் இருந்தோம்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவன் என்ற முறையில் இதில் இன்னொன்றும் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் முதலிய சபைகளை ஒன்றாக்கி சி.எஸ்.ஐ.யை உருவாக்க 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஐக்கியப் பேச்சு 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் நிறைவேறியது. அதற்காக உழைத்த வெள்ளாளன்விளைக்காரர் அசரியா, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர், அதைக் காணாமல் 1945-இல் இறந்துபோனார். பேராயரால் குருப்பட்டம் பெறாத மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் போதகர்களை என்ன செய்வது என்பதுதான் அன்றைய பெருஞ்சிக்கல். மறுபடியும் பட்டம் தர வேண்டியதில்லை, முப்பது ஆண்டுகள் இரு வகையினரும் சேர்ந்தே ஊழியம் செய்யட்டும், ஆனால் மனச்சாட்சி ஒப்பாத சபையின் மேல் யாரையும் திணிக்கக் கூடாது என்று எழுத்தில் வைத்தார்கள். அப்படி ஐக்கியமான நான்கு ஆங்கிலிக்கன் திருமண்டலங்களும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்துக்கு வெளியே போக நேர்ந்தது! 1948 லாம்பெத்தில் நம் குருக்களை ஏற்பதா வேண்டாமா என்று பேராயர்கள் பிளவுபட்டு, பெரும்பான்மைக் கருத்தையும் சிறுபான்மைக் கருத்தையும் அருகருகே பதிவு செய்தார்கள். இங்கிலாந்துத் திருச்சபை ஓரளவு ஏற்றுக்கொண்டது 1955-இல்தான்.

குருப்பட்டத்தின் செல்லுபடியும், எது பாவம் என்ற கேள்வியும் ஒன்றல்ல என்பதை அறிவேன். அன்று ஒருவருடைய ஊழியத்தின் வடிவம் கேள்விக்குள்ளானது, இன்று ஒருவருடைய வாழ்க்கையே கேள்விக்குள்ளாகிறது. ஆனாலும் 1947-இல் கருத்து வேறுபாட்டை மறைக்கவில்லை, விதியாக எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டார்கள் என்பதே எனக்கு முக்கியம். லாம்பெத்தும் 1948-இல் இரண்டு கருத்துகளை அருகருகே வைத்துக்கொண்டு பிழைத்தது.

ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் விசுவாச ஒழுங்கு ஆணையம் 2024 இறுதியில் முன்வைத்த நைரோபி–கெய்ரோ முன்மொழிவுகளை இதனால்தான் ஆதரிக்கிறேன். கேன்டர்பரியோடு உள்ள உறவை வரலாற்று உறவாக மட்டும் குறிப்பிட்டு, தலைமையைப் பல பகுதிகளுக்கும் பகிர்ந்தளிக்கும் யோசனை அது. கேஃப்கான் வெளியேறிவிட்ட பிறகு அது தாமதமான மருந்து என்பார்கள். இருக்கட்டும். குறைந்தபட்சம் இங்கிலாந்தின் பேராயர்களுக்கு ஒரு சாக்கு இல்லாமல் போகும்: லாகோஸிலும் கம்பாலாவிலும் உள்ளவர்களைக் கோபப்படுத்தாமல் இருப்பதற்காக, தங்கள் சொந்தத் திருமண்டலத்துக் குருவிடம் தன்பாலினத் திருமணம் செய்துகொள்ளாதே என்று சொல்லிக்கொண்டிருக்க இனி முடியாது. தங்கள் மனசாட்சிப்படியே மறுப்பதாக இருந்தால் மறுக்கட்டும், ஆனால் அதைத் தங்கள் பெயரிலேயே செய்யட்டும்.