புல்வெட்டும் மெஷினுக்குப் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டுமா?

“எந்தப் புல்வெட்டும் மெஷினாக இருந்தாலும் பெட்ரோலில் கொஞ்சம் ஆயில் கலந்து ஊற்றுங்கள், இன்ஜின் நீண்ட நாள் உழைக்கும்” என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

இன்று விற்கும் தள்ளு மெஷின்களில் பெரும்பாலானவை ஃபோர் ஸ்ட்ரோக், அதாவது பெட்ரோலும் ஆயிலும் தனித்தனியே ஊற்றும் இன்ஜின் வகை. அவற்றில் ஆயில் ஊற்றத் தனி மூடி உண்டு. அளவு பார்க்கும் கம்பியும் அதோடு இருக்கும். பெட்ரோல் டேங்கில் ஆயில் போனால் புகை கக்கும், ஸ்பார்க் பிளக் முனையில் பிசுபிசுவென்று கரி படியும், அப்புறம் கயிற்றை இழுத்து இழுத்துக் கைதான் வலிக்கும். ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்களா? பயப்பட வேண்டாம். டேங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள், பிளக்கைத் துடைத்து மாட்டுங்கள்.

கலவை வேண்டியது டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு. அதை வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் இறுகிவிடும். உங்களுடையது எந்த வகை என்பதை வாங்கும்போதே கையேட்டில் பார்த்துவிடுங்கள்.