ஐந்து நிமிட முதலாளி

(சென்னை விருகம்பாக்கத்தில் ஒரு பெட்டிக்கடை. மேலே சரம் சரமாக ஷாம்பு பாக்கெட், கீழே கடலை மிட்டாய் பாட்டில். கம்பியில் சணல் கட்டித் தொங்கும் லைட்டர்; கட்டாமல் விட்டால் சாயங்காலத்துக்குள் யார் சட்டைப் பைக்காவது போய்விடும். கல்லாவில் அண்ணாச்சி. டீ கிளாஸும் கையுமாக சேகர் வருகிறார்.)

அண்ணாச்சி: வாங்க தம்பி. வழக்கமானதுதானே? (ஒரு சிகரெட்டை உருவி நீட்டுகிறார்.)

சேகர்: வேண்டாம் அண்ணாச்சி. விட்டாச்சு.

அண்ணாச்சி: எப்போ?

சேகர்: இப்போதான், ரோட்டைக் கடக்கும்போது.

அண்ணாச்சி: பொங்கலுக்கும் இப்படித்தான் விட்டீங்க. மாட்டுப் பொங்கலுக்கு வந்து நின்னீங்க.

சேகர்: அது வீட்டுக்காரிக்காக விட்டது. இது எனக்காக. என் வீடு மூன்றாவது மாடி. நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து, இரண்டாவது மாடிக்காரர் வாசலில் ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறார்.

அண்ணாச்சி: மெடிக்கலில் ஏதோ சூயிங்கம் வாங்கினீங்களே?

சேகர்: நிக்கோட்டின் சூயிங்கம். மென்று மென்று விக்கல்தான் வந்தது. அப்புறம்தான் கடைக்காரர் சொல்கிறார், அதை விடாமல் மெல்லக் கூடாதாம். நாலு கடி கடித்து, சுருக்கென்று காரம் ஏறியதும் வெற்றிலையை அடக்குகிற மாதிரி கன்னத்தில் ஒதுக்கி வைக்கணுமாம். டீ, காபி குடித்தால் கால் மணி நேரம் கழித்துத்தான் வாயில் போடணுமாம்.

அண்ணாச்சி: நீங்க?

சேகர்: டீயோடு சேர்த்துத்தான் போட்டேன்.

அண்ணாச்சி: அட்டையில் நம்பர் போட்டிருக்கிறதே, 1800-11-2356. சிகரெட்டை விடுவதற்குக் காசில்லாமல் யோசனை சொல்வார்களாம்.

சேகர்: எந்த அட்டையில்?

அண்ணாச்சி: அதானே! ஒத்தை ஒத்தையாக வாங்குகிற ஆள் அட்டையை எங்கே பார்த்தீங்க? 85 சதவீதத்துக்குப் படம் போட்டுப் பயமுறுத்துகிறான், முன்னாலும் பின்னாலும். நாள் முழுக்க அதற்கு எதிரில் உட்கார்ந்திருப்பது நான். வாழ்க்கையில் ஒரு தம் அடித்ததில்லை தம்பி, ராத்திரியில் எனக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

(சேகர் அங்கேயே போன் போட்டுப் பேசுகிறார். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு வைக்கிறார்.)

சேகர்: ஆசை வந்தால் ஐந்து நிமிஷம் தள்ளிப் போடச் சொல்கிறார்கள். அதுவாகவே அடங்கிவிடுமாம். அந்த நேரத்தில் கைக்கு ஏதாவது வேலை கொடுக்கணும்.

அண்ணாச்சி: வேலைதானே? உள்ளே வந்து உட்காருங்க.

சேகர்: எதுக்கு?

அண்ணாச்சி: காலையிலிருந்து கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்!

(அன்று முதல் அதுவே ஏற்பாடு. சேகருக்கு ஆசை வந்தால் அவர் கல்லாவில், அண்ணாச்சி தெருவில். சேகருக்கு அடிக்கடி ஆசை வந்ததில் அண்ணாச்சி நன்றாக நடந்தார். அவருக்குச் சர்க்கரைகூடக் கொஞ்சம் இறங்கியது. பத்து நாள் போயிருக்கும்.)

அண்ணாச்சி: தம்பி, கணக்கு இடிக்கிறதே. கடலை மிட்டாய் பாட்டில் காலி, காசைக் காணோம்.

சேகர்: வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது அண்ணாச்சி. நோட்டில் என் பேரில் எழுதிவிட்டேன்.

அண்ணாச்சி: சரி, அது போகட்டும். சிகரெட் ஒன்றுகூடப் போகவில்லையே? யாருமே வரவில்லையா?

சேகர்: வராமல் என்ன? மெக்கானிக் பையன் வந்து ஒரு ஃபில்டர் கேட்டான். முழு அட்டையையும் கையில் கொடுத்து, படத்தை நல்லாப் பாருடா என்றேன்.

அண்ணாச்சி: அப்புறம்?

சேகர்: வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனான்.

அண்ணாச்சி: அந்த ஐ.டி. கம்பெனிப் பசங்க?

சேகர்: பொது இடத்தில் பிடித்தால் 200 ரூபாய் வரைக்கும் அபராதம் என்று சட்டத்தை எடுத்துச் சொன்னேன். 2008 அக்டோபர் 2-லிருந்து அமலில் இருக்கிறது, காந்தி பிறந்த நாளாகப் பார்த்துக் கொண்டுவந்தார்கள் என்று விளக்கினேன். பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள்.

அண்ணாச்சி: ரிடையர்ட் வாத்தியார்? அவர் மழை பெய்தாலும் வருவாரே!

சேகர்: வந்தார். அந்த நம்பருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

(அண்ணாச்சி எட்டிப் பார்க்கிறார். கடை ஓரமாக வாத்தியார், காதில் சேகரின் போன். யோசனை சொல்ல வந்தவருக்கு இவர் இலக்கணம் நடத்திக்கொண்டிருக்கிறார்.)

அண்ணாச்சி: தம்பி, உள்ளதைச் சொல்கிறேன். நீங்க விட்டதில் எனக்கு ஒரு ஆள் நஷ்டம். தாங்கிக்கொண்டேன். தெருவையே விட வைத்தால் நான் ஊருக்குத்தான் பஸ் ஏறணும்.

சேகர்: அப்போ ஆசை வந்தால் நான் என்ன பண்ணுவேன் அண்ணாச்சி?

அண்ணாச்சி: (கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து, எதிர்ச்சாரியைக் காட்டி) அதோ, புதுசாக ஒருத்தன் ஏசி போட்டுக் கடை திறந்திருக்கிறான் பாருங்க. பாவம், அவனுக்கும் ஒத்தாசைக்கு ஆள் இல்லை. இனிமேல் அங்கே போய் உட்காருங்க. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் கூட்ட நேரத்தில் ரெண்டு தடவை ஆசை வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்க.