ஹார்ன் அடிச்சா ரோடு அகலமாகுமா?

(திருவையாறு பக்கம், வாய்க்காலை ஒட்டின ஒற்றை ரோடு. சைக்கிள் கடை.)

கார்க்காரர்: அண்ணே, கண்ணாடி உடைஞ்சு போச்சு.

கடைக்காரர்: அதான் கண்ணு தெரியாம வந்து இடிச்சீங்களா?

கார்க்காரர்: கார் கண்ணாடிண்ணே! இடது பக்கத்தது. ஸ்கூல் பையன் ஒருத்தன் ஹாண்டிலால இடிச்சுட்டான்.

கடைக்காரர்: அவன் பின்னாலேர்ந்து வந்து இடிச்சிருந்தா கண்ணாடி பானெட்டைப் பார்த்து மடங்கியிருக்கும். இது கதவோட ஒட்டிப் பின்பக்கமா மடங்கிக் கிடக்கு. பின்னாலேர்ந்து வந்தது நீங்கதான் சார்.

கார்க்காரர்: ஹார்ன் அடிச்சேனே!

கடைக்காரர்: எங்க வெச்சு?

கார்க்காரர்: முதுகுக்குப் பின்னாடி வந்துதான். இல்லேன்னா அவனுக்கு எப்படிக் கேக்கும்?

கடைக்காரர்: அங்கதான் வினை. முதுகுல ஹார்ன் அலறினா எவனும் வலது தோள் வழியாத் திரும்பிப் பார்ப்பான். தோள் திரும்பினா ஹாண்டிலும் திரும்பும். நீங்க கூப்பிட்டீங்க, அவன் வந்தான். 30, 40 மீட்டர் இருக்கும்போதே லேசா ஒரு தடவை அடிச்சு விட்டுடணும்.

கார்க்காரர்: ஓரமாப் போக வேண்டியதுதானே?

கடைக்காரர்: ஓரத்துல தாருக்கும் மண்ணுக்கும் நாலு விரல் பள்ளம். முன் சக்கரம் இறங்கிட்டா சாய்வா மேல ஏறாது, ஆளைத்தான் கவுக்கும். கவுந்தா வாய்க்கால்.

கார்க்காரர்: நான் இடம் விட்டுத்தாண்ணே போனேன். ஒரு ஜாண் இருக்கும். இதுவே லண்டன்னா 1.5 மீட்டர் விடணும். 2022-லேர்ந்து அங்க ரோடு விதிப் புத்தகத்துலயே போட்டுட்டான். நானே அங்க அப்படித்தான் ஓட்டினேன்.

கடைக்காரர்: அங்க மீட்டர், இங்க ஜாணா? முதுகெலும்பு ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதானே சார்.

கார்க்காரர்: இங்க ரோடே 12 அடி!

கடைக்காரர்: அப்போ கூட்டுங்க. ஓரத்துலேர்ந்து சைக்கிள் ஒன்றரை அடி தள்ளிப் போகும். ஹாண்டில் 2 அடி. உங்க லண்டன் இடைவெளி 5 அடி. ரெண்டு கண்ணாடியும் சேர்த்து உங்க கார் 7 அடி. பதினஞ்சரை ஆச்சு. 12-க்குள்ள எப்படிப் போவும்?

கார்க்காரர்: அதான் ஹார்ன் அடிச்சேனே!

கடைக்காரர்: ஹார்ன் அடிச்சா ரோடு அகலமாகுமா?

கார்க்காரர்: அப்போ அவன் பின்னாடியே ஊர்ந்துக்கிட்டு வரணுமா?

கடைக்காரர்: ஆமா. ரெண்டாவது கியர்ல, கார் நீளத்துக்கு ரெண்டு பங்கு தள்ளி. மதகுகிட்ட ரோடு விரியும். எதிர்ல ஒண்ணும் இல்லேன்னா வலது சிக்னலைப் போட்டு நல்லா ஒதுங்கித் தாண்டுங்க. தாண்டினவுடனே இடது பக்கம் ஒடிச்சா பின்கதவு அவனைச் சீவிடும். உள்கண்ணாடியில சைக்கிள் முழுசாத் தெரியணும், அப்புறம்தான் இடதுக்கு வரணும்.

கார்க்காரர்: மதகு வரைக்கும் ரெண்டு நிமிஷம் ஆகுமே!

கடைக்காரர்: இங்க நின்னு இருபது நிமிஷம் ஆச்சு.

கார்க்காரர்: சரி, கண்ணாடிக்கு டேப்பாவது சுத்திக் குடுங்க.

கடைக்காரர்: சுத்துறேன். பையனோட ஹாண்டிலும் வளைஞ்சு இங்கதான் கெடக்கு. அதையும் உங்க கணக்குலயே எழுதிடறேன்.

கார்க்காரர்: அது பதினொண்ணாம் வகுப்புல அரசாங்கம் குடுத்த இலவச சைக்கிள்தானே!

கடைக்காரர்: சைக்கிள்தான் சார் இலவசம்.

கார்க்காரர்: ...

கடைக்காரர்: என்ன சார், ஹார்ன் அடிக்கலையா?