பஸ்ஸில் போனால் வாந்தி வருமா?

அடுத்த வாரம் சித்திக்குப் பித்தப்பை ஆபரேஷன். "ஓபியாய்டு இல்லாத மயக்கமாமே, அதையே கேட்டு வாங்கட்டுமா?" என்று குடும்ப வாட்ஸப்பில் கேட்டிருக்கிறார். ஓபியாய்டு என்றால் அபினிலிருந்து வரும் மார்ஃபினும், அதே மாதிரி வேலை செய்யும் ஃபென்டனில் போன்ற வலிமருந்துகளும்தான். மாட்டுங்காவில் எங்கள் வகையறாவில் பித்தப்பையைப் பறிகொடுத்த முதல் ஆள் நான். அதனால் சொல்கிறேன்.

எட்டு வருஷம் முன்னால் எனக்குக் குடல்வால் ஆபரேஷன், அதுவும் துளை போட்டுத்தான். வலி மறந்துவிட்டது. அன்று ராத்திரி வாந்தி மறக்கவில்லை. ஒரு கையால் கிட்னி டிரேயைத் தாடைக்குக் கீழே பிடித்து, இன்னொரு கையால் தையலை அமுக்கிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். "மயக்க மருந்துன்னா அப்படித்தாம்மா" என்றார்கள்.

இந்த முறை, பித்தப்பைக்கு, மயக்க மருந்து டாக்டர் முந்தின நாளே வந்தார். முதல் கேள்வி: "பஸ்ஸில் போனால் வாந்தி வருமா?" மகாபலேஷ்வர் மலைப்பாதையில் கையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் நான் ஏறியதே இல்லை. அடுத்தது, "சிகரெட்?" அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! பெண், புகைக்காதவர், பயண வாந்திக்காரர், ஆபரேஷனுக்கு அப்புறம் ஓபியாய்டு வலிமருந்து. நாலும் சேர்ந்தால் நூற்றில் சுமார் 80 பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வருமாம். முதல் மூன்றை மாற்ற முடியாது, நாலாவதைக் குறைக்கலாம் என்றார்.

ஆக ஃபென்டனில் இல்லை. பதிலுக்கு டெக்ஸ்மெடிடோமிடின் என்கிற தூக்க மருந்து, துளியூண்டு கெட்டமைன், டிரிப்ஸில் லிடோகைன், பாராசிட்டமால், துளை போட்ட இடங்களில் மரத்துப்போகும் ஊசி. வாந்தி வரவில்லை. வலது தோள்தான் இரண்டு நாள் குத்தியது. வயிற்றை உப்ப வைக்க அடிக்கிற கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்தும் வேலை அது. எந்த மயக்கம் கொடுத்தாலும் வரக்கூடியதுதான்.

அதற்காக இதுதான் பெஸ்ட் என்று சொல்ல மாட்டேன். டெக்ஸ்மெடிடோமிடின் இதயத்துடிப்பை இறக்கும். பிரான்சில் அதை ரெமிஃபென்டனில் என்கிற ஓபியாய்டோடு ஒப்பிட்ட ஆய்வு 2021-ல் வெளியானது. டெக்ஸ்மெடிடோமிடின் வாங்கிய சிலருக்குத் துடிப்பு ஆபத்தான அளவுக்கு விழுந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தியிருந்தார்கள். எனக்கே சாயந்திரம் வரை கண்ணைத் திறக்க முடியவில்லை.

இன்னொன்று. ஓபியாய்டுக்கு அடிமையாகிவிடுவோமோ என்கிற பயம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே அது நியாயம். இங்கே கதை வேறு: மத்தியப் பிரதேசத்தில் அரசு லைசென்ஸோடு அபின் விளைகிறது, ஆனால் 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் புற்றுநோயாளிகளுக்கே மார்ஃபின் கிடைக்காமல் கிடந்தது. 2014-ல்தான் சட்டத்தைத் தளர்த்தினார்கள். அந்த மருந்தைப் போய் வில்லனாக்கினால் எனக்குக் கோபம் வரும்.

சித்தி, மருந்துப் பெயரை நீங்கள் சொல்ல வேண்டாம். லிஃப்ட்டில் ஏறினாலே தலை சுற்றும் என்பதைச் சொல்லுங்கள். அப்புறம் அந்த பிரஷர் மாத்திரை அட்டை, துடிப்பைக் குறைக்கிறதே, அதை மறக்காமல் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.